கோரோ: ஞாபகமும் பழக்கமும்

1

ஒரு படத்தைப் பல வருஷங்களாகத் தவறாக ஞாபகம் வைத்திருந்தேன். அந்தத் தவறிலிருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பமாகிறது.

கமீல் கோரோ 1864ல் பாரீஸ் ஸலோனில் காட்சிக்கு வைத்த 'மோர்த்ஃபோந்தேன் ஞாபகம்' என்ற படம் அது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கழன்ற ஒரு ஓவியச் சரித்திரத்தில், உள்ளங்கை அளவில், கறுப்பு வெள்ளையில் முதலில் பார்த்தேன். புத்தகம் பிறகு யாரிடமோ போய்த் திரும்பி வரவில்லை. படம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். வலது பக்கத்தில் சாய்ந்து கவிந்திருக்கும் பெரிய மரம். பின்னால் ஏரி. இடது பக்கம் இலைகள் அதிகமில்லாத மெல்லிய மரம், அதனடியில் கைகளை உயர்த்தி நிற்கும் ஒரு பெண், பக்கத்தில் இரண்டு குழந்தைகள். ஏரியில் ஒரு படகு, படகில் ஒரு ஆள். நண்பர்களிடம் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் படகைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். அசைவற்ற அந்த உலகத்தில் நகரக்கூடிய பொருள் அது ஒன்றுதான் என்று வியாக்கியானம்கூடச் செய்திருக்கிறேன்.

வெகு காலத்துக்குப் பின் லூவ்ரில் மூலப் படத்தின் முன் நிற்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. 65 சென்டிமீட்டர் உயரம், 89 சென்டிமீட்டர் அகலம். மரம் இருந்தது, ஏரி இருந்தது, பெண்ணும் குழந்தைகளும் இருந்தார்கள். படகு இல்லை. அது வேறொரு படத்தில், நியூயார்க்கில் ஃப்ரிக் சேகரிப்பிலுள்ள 'மோர்த்ஃபோந்தேன் படகுக்காரன்' என்ற படத்தில் இருக்கிறது. அதே ஏரி, அதே சாம்பல் வெளிச்சம், சற்றுப் பிந்திய காலம். இரண்டு படங்களையும் என் மனம் எப்போதோ ஒன்றாக்கிவிட்டிருக்கிறது.

இதை என் ஞாபக சக்தியின் குறையென்று விட்டுவிடலாம். ஆனால் கோரோவின் வேறு சில படங்களுக்கு இது நேர்வதில்லை. 1826ல் அவர் வரைந்த நார்னி பாலத்தை எந்தப் படத்தோடும் என்னால் குழப்பிக்கொள்ள முடியாது. உடைந்த வளைவுகள், அடியில் ஓடும் நேரா நதி, வலமும் இடமும் மண் சரிவுகள், எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. நேரில் பார்த்து வரைந்தது நம் ஞாபகத்தில் தெளிவாக நிற்கிறது. ஞாபகத்திலிருந்து வரைந்தது நம் ஞாபகத்தில் கலங்கிவிடுகிறது. இது விசித்திரம். கோரோவின் பிற்கால நடையைப் பற்றி யோசிக்க இந்த விசித்திரமே ஒரு வாசல் என்று எனக்குப் படுகிறது.

2

கோரோ பிறந்தது 1796ல், பாரீஸில். பெற்றோர் பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்து வசதியாக வாழ்ந்தவர்கள். மகனைத் துணி வியாபாரத்தில் பழக்க முயன்றார்கள். அதில் அவர் தேறவில்லை. 26ஆவது வயதில், 1822ல், ஓவியம் கற்கத் தகப்பனார் சம்மதித்து வருஷத்துக்கு 1500 ஃபிராங்க் கொடுத்தார். ஆக, விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கோரோவுக்கு இருக்கவில்லை. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் உதவும்.

அவருடைய முதல் ஆசிரியர் மிஷலோன். கோரோவைவிட சில மாதங்கள் இளையவர். சரித்திர நிலக்காட்சிக்கென்று ஏற்படுத்தப்பட்ட ரோம் பரிசை 1817ல் முதன்முதலாகப் பெற்றவர். 1822லேயே இறந்துபோனார். அடுத்த ஆசிரியர் பெர்த்தான். இந்த இருவருமே வலான்ஸியென்னின் மாணவர்கள். வலான்ஸியென் 1800ல் வெளியிட்ட தம் பெரிய நூலில் நிலக்காட்சிக்காரனுக்கு இரண்டு வேலைகளை வகுத்திருந்தார். ஒன்று, திறந்த வெளியில் இயற்கையின் முன் உட்கார்ந்து, வெளிச்சம் மாறுவதற்குள் வேகமாகச் செய்யும் பயிற்சிப் படம். மற்றது, ஸ்டூடியோவில் கற்பனையும் படிப்பும் கூடிக் கட்டும் பெரிய படம். அதில் புராண பாத்திரங்களோ பைபிள் பாத்திரங்களோ நடமாட வேண்டும். முதலாவது ஓவியனின் சொந்த உபயோகத்துக்கு. இரண்டாவதுதான் உலகத்துக்கு.

கோரோ 1825ல் இத்தாலிக்குப் போய் 1828 வரை இருந்தார். நார்னி பாலத்தில் இந்த இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1826ல் அங்கேயே செய்த சிறிய பயிற்சிப் படம் லூவ்ரில் இருக்கிறது. அதிலிருந்து கட்டிய பெரிய படம், 1827 ஸலோனுக்கு ரோமிலிருந்து அனுப்பியது, கனடாவில் ஆட்டவா நகரத்து தேசியக் கூடத்தில் இருக்கிறது. பெரிய படத்தில் சரிவு செம்மைப்பட்டு சாலையாகிவிட்டது, குடை மாதிரி விரிந்த பைன் மரங்கள் வந்துவிட்டன, ஆடுகளும் மேய்ப்பவர்களும் வந்துவிட்டார்கள். எல்லாம் முறைப்படி இருக்கின்றன. பயிற்சிப் படத்தில் இருந்த வெயில் மட்டும் எங்கோ போய்விட்டது.

இருபதாம் நூற்றாண்டு இந்த ஒப்பீட்டைச் செய்து சிறிய படத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மொரோ-நெலாதோன் 1906ல் தம் சேகரிப்பை தேசத்துக்குக் கொடுத்தபோது அந்தச் சிறிய நார்னியும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் கோரோவின் இத்தாலியப் பயிற்சிப் படங்களில் ஸெஸானின் முன்னோடியைக் கண்டார்கள். பிற்காலத்துச் சாம்பல் நிற ஏரிகளை, முதுமையின் தளர்ச்சி, பணக்காரர் வீட்டுக் கூடத்துக்கான சரக்கு என்று ஒதுக்கினார்கள். நம் தலைமுறை அறிவாளிகளின் ருசியும் இதுதான். எனக்கும் இதுவாகவே இருந்தது. ஆனால் இந்தத் தீர்ப்பில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கண் நல்லது, ஞாபகம் கெட்டது என்ற ஒரு வாய்ப்பாடு. வாய்ப்பாடுகளைச் சந்தேகிக்க வேண்டியது நம் வேலை.

3

கோரோவின் ஞாபகம் முதுமையில் வந்ததல்ல. ரோமில் இருந்த முதல் நாட்களைப் பற்றி அவரே பின்னாளில் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். தெருவில் இருவர் நின்று பேசுகிறார்கள். இவர் ஒருவரின் தலையிலிருந்து ஆரம்பித்து விவரமாக வரைகிறார். பேச்சு முடிந்து அவர்கள் போய்விடுகிறார்கள். தாளில் பாதித் தலைகள் மட்டும் மிச்சம். மறுபடி இன்னொரு கூட்டம், மறுபடி துண்டு துண்டான அவயவங்கள். முழுதாக எதுவுமில்லாமல் இனி வீடு திரும்புவதில்லை என்று தீர்மானித்து, கண்ணில் பட்ட கணத்திலேயே கூட்டத்தின் மொத்த வடிவத்தைப் பிடிக்கப் பழகிக்கொண்டாராம். விவரங்கள் நேரமிருந்தால் வரலாம், இல்லாவிட்டால் இல்லை.

அவர் ஞாபகத்தின் இலக்கணம் இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. முதலில் மொத்தம், அதற்குள் இருள் எங்கே, ஒளி எங்கே என்பது, பிறகுதான் பொருள்கள். இதற்காக அவர் ஒரு சுருக்கெழுத்தே வைத்திருந்தார். நோட்டுப் புத்தகத்தில் அவசரமாகக் கோடிழுத்துவிட்டு, மிக இருண்ட இடத்தில் ஒரு சதுரம் போடுவார், மிக வெளிச்சமான இடத்தில் ஒரு வட்டம். இடைப்பட்டவை அவற்றுக்குள் அடங்கும். நிறம் எழுதுவதில்லை. மரம் என்ன ஜாதி என்றும் எழுதுவதில்லை. மாதங்களுக்குப் பிறகு பாரீஸ் குளிர்காலத்தில், ஸ்டூடியோவில், அந்தச் சதுரத்திலிருந்தும் வட்டத்திலிருந்தும் ஒரு காலைப்பொழுதைத் திரும்பக் கட்ட முடியும் என்ற நம்பிக்கை அது. கறுப்பு வெள்ளை அச்சில் மற்ற ஓவியர்கள் செத்துப்போக, கோரோ மட்டும் உயிரோடு என்னை வந்து சேர்ந்ததற்கும் இதுதான் காரணம்.

1853ல் அராஸ் நகரத்து நண்பர்கள் அவருக்கு ஒரு புதிய விளையாட்டைக் காட்டினார்கள். கண்ணாடித் தகட்டில் கருமை பூசி, ஊசியால் அதைக் கீறி, வெயிலில் ஒளியுணர் தாளின் மேல் வைத்து அச்செடுப்பது. பாதி செதுக்கல், பாதி போட்டோகிராபி. இந்த முறையில் கோரோ அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் செய்தார். முன்னால் இயற்கை இல்லை, வர்ணம் இல்லை, திருத்தவும் வழியில்லை. கை தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். அவற்றில் ஒன்று 1855ல் செய்த 'ஒஸ்தியா ஞாபகம்'. ஒஸ்தியா ரோமுக்கு அருகிலுள்ள பழைய துறைமுகம். கோரோ கடைசியாக இத்தாலி போனது 1843ல். பன்னிரண்டு வருஷ தூரத்திலிருந்து ஊசி முனையால் கிறுக்கப்பட்ட அந்தப் படத்தில் இடம் கரைந்து காற்று மட்டும் நிற்கிறது.

போட்டோகிராபியைப் பற்றி இன்னொரு வாதமும் உண்டு. ஆரன் ஷார்ஃப் 1968ல் வெளியான தம் புத்தகத்தில், கோரோவின் மங்கிக் கரையும் இலைக்கூட்டங்களுக்கு அக்காலத்துப் போட்டோக்களே காரணமாக இருக்கலாம் என்றார். நீண்ட நேரம் திறந்திருக்கும் காமிராவில் காற்றிலாடும் இலைகள் கலங்கிப் பதிந்தன. வானத்து வெளிச்சம் கிளைகளின் ஓரங்களைத் தின்றது. கோரோவிடம் நிறைய போட்டோக்கள் இருந்தது உண்மை. ஓரங்கள் ஏன் கரைகின்றன என்பதற்கு இது பதிலாகலாம். படத்தில் எது இருக்க வேண்டும், எது போய்விட வேண்டும் என்பதற்கு இது பதிலாகாது. காமிரா எதையும் விடுவதில்லை. ஞாபகம் விடுகிறது. கோரோவின் பிற்கால நடை முழுவதும் இந்த விடுதலில் இருக்கிறது.

4

ஞாபகம் என்பது அந்தக் காலத்தின் கேள்வியாகவும் இருந்தது. 1848ல் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஆசிரியர், ஓவிய மாணவர்களின் ஞாபகத்தை எப்படிப் பயிற்றுவது என்று ஒரு சிறு நூல் எழுதினார். 1862ல் அதை விரிவாக்கினார். ஃபான்தான்-லதூரும் ரோதானும் அவரிடம் படித்தவர்கள். முதலில் எளிய வடிவங்கள், பிறகு கடினமானவை, எல்லாவற்றையும் பார்த்து மனதில் வாங்கி, பொருள் கண்முன் இல்லாதபோது வரைய வேண்டும். போதலேர் 1863ல் வெளியான கட்டுரையில், உண்மையான சித்திரக்காரன் மூளையில் எழுதப்பட்ட உருவத்திலிருந்து வரைகிறானேயன்றி எதிரே நிற்கும் மாடலிலிருந்து அல்ல என்று வாதிட்டார். அதே போதலேர் 1845லேயே கோரோவின் பக்கம் நின்றவர். மெருகேற்றி முடிப்பது வேறு, படம் படமாக ஆகிவிடுவது வேறு என்று, கோரோவின் படங்கள் முடிக்கப்படாதவை என்று குறை சொன்னவர்களுக்குப் பதில் சொன்னவர்.

துல்லியத்தைக் காமிரா எடுத்துக்கொண்டுவிட்டது. 1853க்குப் பின் ஓஸ்மான் பாரீஸை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நேற்று இருந்த தெரு இன்று இல்லை. அப்படிப்பட்ட பத்து வருஷங்களில் கலைஞர்கள் ஞாபகத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசினார்கள் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

மோர்த்ஃபோந்தேன், பாரீஸுக்கு வடக்கே ஒரு சிற்றூர். பெரிய மாளிகையும் ஏரிகள் கொண்ட தோட்டமும் உண்டு. நெப்போலியனின் அண்ணன் ஜோஸஃப் போனபார்த் அதற்குச் சொந்தக்காரராக இருந்தபோது, 1800ல், பிரான்ஸும் அமெரிக்காவும் அங்கே ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த வட்டாரத்தின் பெயர் வலுவா. ஜெரார் த நெர்வால் சிறு வயதில் வளர்ந்தது இங்கேதான். 1853ல் வெளிவந்த அவருடைய 'ஸில்வி' என்ற நெடுங்கதைக்கு வலுவாவின் ஞாபகங்கள் என்று துணைத் தலைப்பு. பாரீஸில் இருக்கும் ஒருவன் இரவோடிரவாகத் தன் பால்ய காலத்து ஊருக்குப் புறப்படுகிறான். போய்ச் சேர்கிற ஊர் அவன் ஞாபகத்தில் இருந்த ஊராக இல்லை. 1855 ஜனவரியில் நெர்வால் தற்கொலை செய்துகொண்டார். கோரோ நெர்வாலைப் படித்து வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஏரிக்கரையை இரண்டு பேர் பதினொரு வருஷ இடைவெளியில் ஞாபகம் என்ற சொல்லோடு அணுகியிருக்கிறார்கள். ஒருவருக்கு அது தொலைந்த இடம். இன்னொருவருக்கு அது தொலையாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட இடம்.

படத்துக்கு வருகிறேன். பெரிய மரம் வலது பக்கத்திலிருந்து எழும்பி, இடது பக்கம் சாய்ந்து, படத்தின் மேல்பாதியில் பெரும்பகுதியைத் தன் இலைக்கூட்டத்தால் மூடிவிடுகிறது. இடப்புற மரம் அதற்குப் பதில் சொல்வதுபோல் ஒல்லியாக நிற்கிறது. பெண் அதை நோக்கிக் கைகளை உயர்த்துகிறாள். நடுவில் ஏரி. நீர் எங்கே முடிகிறது, அக்கரை எங்கே ஆரம்பிக்கிறது, அக்கரை எங்கே பனியாகிறது என்று கோடு போட முடியாது. பச்சை என்று சொல்லத்தக்க பச்சை இல்லை. வெள்ளை கலந்து கலந்து எல்லா நிறங்களும் ஒரே குடும்பத்தவை ஆகிவிட்டன. கிட்டப் போனால், புல் மேலும் இலை மேலும் சிறு சிறு வெளிறிய புள்ளிகள். அவை பூவா, பனித்துளியா, வெறும் வர்ணமா?

எந்த நேரம் என்று கேட்டால், விடியற்காலை என்று ஒருவர் சொல்லலாம், அந்தி என்று இன்னொருவர் சொல்லலாம். நார்னியில் இப்படிக் கேட்கவே வேண்டாம். ரோமில் ஃபார்னேஸ் தோட்டத்திலிருந்து 1826 மார்ச்சில் வரைந்தபோது, காலையில் ஒரு படம், மதியம் ஒன்று, மாலையில் ஒன்று என்று பொழுதைப் பங்கு போட்டு உட்கார்ந்தவர் இவர். மோர்த்ஃபோந்தேனில் பொழுதை விட்டுவிட்டார். இடத்தின் விவரங்களையும் விட்டுவிட்டார். விடாமல் வைத்தது ஒன்றே ஒன்று: வலப்புறத்து இருட்டுக்கும் இடப்புறத்து வெளிச்சத்துக்கும் இடையிலுள்ள தூரம். முதலில் மனதை அசைத்த பதிவை ஒருபோதும் இழந்துவிடக் கூடாது என்று 1850களில் தம் நோட்டில் எழுதிக்கொண்டவர் அவர். அந்தப் பதிவு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாய்மானத்தின் பாரம் முழுவதும் அந்த மெல்லிய மரத்திலும் உயர்த்திய கைகளிலும் வந்து தங்குகிறது. இதில் தளர்ச்சி எங்கே?

5

இனி குற்றப்பத்திரிகை. அதையும் நேர்மையாகப் படிக்க வேண்டும்.

1855 கண்காட்சியில் கோரோவின் 'மார்கூஸி ஞாபகம்' படத்தை மூன்றாம் நெப்போலியன் வாங்கினார். 1864ல் மோர்த்ஃபோந்தேனையும் அவரே வாங்கினார். சக்கரவர்த்தி வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள். ஏரி, சாய்ந்த மரம், பனி, தூரத்தில் ஒரு உருவம், அதன் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு. இதே போல இன்னொன்று என்று வியாபாரிகள் கேட்டார்கள். கோரோ கொடுத்தார். தம் படங்களைப் பிரதியெடுக்க மாணவர்களுக்கு இரவல் தந்தார். பிரதிகளில் தாமே நாலு தீற்றல் போட்டுக் கொடுத்ததும் உண்டு, கையெழுத்திட்டுக் கொடுத்ததும் உண்டு. அவர் இறந்த பிறகு போலிகள் பெருகின. கோரோ வரைந்தது இத்தனை ஆயிரம், அமெரிக்காவில் மட்டும் இருப்பது அதைவிட அதிகம் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. சொல்கிறவருக்குத் தக்கபடி எண்ணிக்கை மாறும். அல்ஃபிரெட் ரொபோ பல வருஷம் உழைத்துத் தயாரித்து 1905ல் வெளிவந்த பெரிய பட்டியல், ஒரு பக்கம் பக்தியின் காரியம் என்றால் மறுபக்கம் போலிஸ் காரியம்.

எதைப் போலி செய்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது. பெரும்பாலும் பிற்கால ஏரிகளைத்தான். நார்னி மாதிரியான ஒன்றைப் போலி செய்ய, போய் ஒரு பாலத்தைப் பார்க்க வேண்டும். பிற்காலக் கோரோவைச் செய்ய ஒரு பிற்காலக் கோரோ இருந்தால் போதும். ஆனால் போலி செய்தவனுக்கு முன்பே இதைச் செய்தவர் கோரோதான். எழுபதுகளை ஒட்டி வரும் அநேகப் படங்களில் அவர் ஞாபகப்படுத்திக்கொள்வது இடத்தை அல்ல, முந்திய படத்தை. சதுரமும் வட்டமும் நோட்டிலிருந்து வருவதில்லை, கை தானாகப் போடுகிறது. ஞாபகம் பழக்கமாகிவிட்டது. என் படகு ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்கு எளிதாகப் போனதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. கரைகள் அப்படி ஒத்திருந்தன.

இதைக் காசுக்காகச் செய்தார் என்று முடித்துவிட முடியாது. முன்னே சொன்னபடி, அவருக்குக் காசு அவசியமாக இருந்ததில்லை. வந்ததையும் கொடுத்துக்கொண்டே இருந்தார். இல்லையென்று சொல்லத் தெரியாத நல்ல மனிதர். கலைஞனுக்கு இது ஒரு ஆபத்து. பேராசைக்காரனைப் போல நல்லவனும் தன்னைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க முடியும். பேராசைக்காரனுக்காவது உள்ளே எங்காவது உறுத்தும்.

6

இங்கேயே நிறுத்தியிருந்தால் இருபதாம் நூற்றாண்டின் தீர்ப்பை நானும் ஒரு சுற்றுவழியில் போய் உறுதி செய்ததாக முடிந்திருக்கும். ஆனால் கோரோவின் கடைசி ஐந்து வருஷங்கள் அந்தத் தீர்ப்புக்கு உடன்படவில்லை.

1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை பாரீஸை நெருங்கியபோது, நகரம் எரிவதாக ஒரு கனவு கண்டு, விழித்ததும் அதை வரைந்து வைத்தார். ஞாபகத்திலிருந்து வரைவதன் எல்லை இது. நடக்காத ஒன்றின் ஞாபகம். அடுத்த வருஷம் மே மாதம் நகரத்தின் ஒரு பகுதி நிஜமாகவே எரிந்தது. அப்போது கோரோ அங்கே இல்லை. முற்றுகை முழுவதும் பாரீஸிலேயே இருந்தவர், 1871 வசந்தத்தில் வடக்கே நண்பர்களிடம் போயிருந்தார். துவே நகரத்தில், ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து, தெருவையும் அதன் முடிவில் எழும் மணிக்கூண்டையும் வரைந்தார். 'துவே மணிக்கூண்டு' இப்போது லூவ்ரில் இருக்கிறது. பனியில்லை, சாய்ந்த மரமில்லை. கூரை கூரையாக, நிழல் நிழலாக, செங்கல் தன் நிறத்தோடு. அவருக்கு வயது 74. நார்னியில் உட்கார்ந்த அதே கண் நாற்பத்தைந்து வருஷம் கழித்து மறுபடி உட்கார்ந்திருக்கிறது. 1874ல், இறப்பதற்கு முந்திய வருஷம், ஸான்ஸ் கதீட்ரலின் உட்புறத்தை வரைந்தார். அதே வருஷம் 'நீல உடைப் பெண்'.

ஆக, கண் தேய்ந்ததால் ஞாபகத்துக்குப் போனவர் அல்ல அவர். இரண்டும் கடைசி வரை கூடவே இருந்தன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெண் உருவங்களில் பெரும்பாலானவற்றை அவர் வெளியே காட்டவில்லை. இத்தாலியப் பயிற்சிப் படங்களைப் பெரும்பாலும் விற்கவில்லை. தம்மிடமே வைத்திருந்தார், மாணவர்களுக்கு இரவல் தந்தார். உயிலில் லூவ்ருக்கு என்று அவர் எழுதி வைத்தவற்றில் ஃபார்னேஸ் தோட்டத்திலிருந்து வரைந்த ஃபோரமும் கொலோஸியமும் உண்டு. 1826ல் வரைந்தவை. ஞாபகப் படங்களை உலகத்துக்கு விற்றார். பார்த்து வரைந்தவற்றை வீட்டில் வைத்துக்கொண்டார். போகும்போது அவற்றை தேசத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதிலிருந்து அவர் தம் ஞாபகப் படங்களை மதிக்கவில்லை என்று ஊகிக்கலாம். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. வைத்துக்கொண்டவைதான் முதல், விற்றவை அதன் வட்டி. முதலைத் தொட்டுக்கொண்டு வரைந்தபோதெல்லாம் மோர்த்ஃபோந்தேன் கிடைத்தது. வட்டிக்கு வட்டி வாங்கியபோது, போலி செய்பவனும் செய்யக்கூடிய படங்கள் கிடைத்தன. வித்தியாசம் கண்ணுக்கும் ஞாபகத்துக்கும் இடையில் இல்லை. ஞாபகத்துக்கும் பழக்கத்துக்கும் இடையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். எழுதுகிறவர்கள் இதை அறிவார்கள், அல்லது அறியவேண்டும். தன் பால்யத்தை எழுதுகிறவன், பால்யத்தை ஞாபகப்படுத்திக்கொள்கிறானா, அல்லது பால்யத்தைப் பற்றித் தான் ஏற்கெனவே எழுதியதையா? நெர்வால் ஒருமுறையாவது வண்டி பிடித்து ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதினார்.

லூவ்ரில் இன்னொரு படமும் இருக்கிறது. ஷார்த்ர் கதீட்ரல். 1830ல், பாரீஸில் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, ஷார்த்ருக்குப் போய் நேரில் உட்கார்ந்து வரைந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கையிலேயே வைத்திருந்து, 1872ல் மறுபடி எடுத்துத் திருத்தினார். 34 வயதுக் கண்ணின் மேல் 76 வயதுக் கை. பார்த்ததும் ஞாபகமும் ஒரே துணியில் கிடக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று நான் வெகு நேரம் தேடினேன், பிரித்தறிய முடியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள், கோரோவின் முறையில் மோர்த்ஃபோந்தேனை ஞாபகத்திலிருந்து குறிக்க முயன்றேன். எனக்கு வரையத் தெரியாது. ஒரு செவ்வகம் போட்டு, இருட்டான இடத்தில் சதுரமும் வெளிச்சமான இடத்தில் வட்டமும் போட்டேன். பிறகு அச்சுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சதுரம் வலப்புற மரத்தின் மேல் சரியாக விழுந்திருந்தது. வட்டம் இடப்புறம், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நீரின் மேல், சரியாக இருந்தது. இத்தனை வருஷமும் தப்பாக இருந்தது படகு மட்டும்தான்.